பூட்டிய அடாப்டர்



கைப்பேசி பழகாத அம்மாவுக்காக, கராஜ் சேலில் ஐந்து டொலருக்கு ஓர் இணையத் தொலைபேசி அடாப்டர் வாங்கினேன். அவருடைய பழைய தொலைபேசியைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. டயல் டோன் வரவில்லை. மின்சாரம் கொடுக்கும் போதெல்லாம் அது முன்பு சேவை கொடுத்த நிறுவனத்தின் சேர்வரிடமே போய் நிற்கிறது. கடவுச்சொல் அவர்கள் கையில். ரீசெட் செய்தும் பயனில்லை. கேட்டால், "நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லையே" என்று கைவிரித்துவிட்டார்கள்.

கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் கைப்பேசிகளை இப்படி ஒரே நிறுவனத்துக்கென்று பூட்டி விற்க முடியாது. பழையவற்றையும் கேட்டால் இலவசமாகத் திறந்து கொடுக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.டி.சி. கொண்டுவந்த அந்த விதி இந்தச் சின்னப் பெட்டிக்கு ஏன் இல்லை? பழுதே இல்லாத பொருளைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

பிறகு பூட்டில்லாத ஒன்று கிடைத்தது. கால் மணி நேரத்தில் அம்மா ஊருக்குப் பேசினார். வாங்குவோர் பூட்டு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்த இணையத் தொலைபேசியில் அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தும் பேச முடியாமல் போனால், கணக்கில் பதிந்த முகவரிக்குத்தான் உதவி வரும். அம்மா அடாப்டரோடு தங்கை வீட்டுக்குப் போன அன்றே அந்த முகவரியை மாற்றிவிட்டேன்.

— வாசகர், ஸ்காபரோ