கேட்டுச் சுவைப்போம்

அறியாத உணவொன்றைக் கண்டால் எம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தோற்றம் பிடிக்காவிட்டால் "ஹராம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தோற்றம் பிடித்துவிட்டால் எதுவும் கேளாமல் வாயில் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டுமே பிழை என்பது எனது கருத்து. ஜப்பானியச் சந்தைக் கடைகளின் சிற்றுண்டிகளை வைத்தே அதனை விளக்கலாம்.

கடந்த வருட விடுமுறையில், ஒசாகா நகரில் வேலை செய்யும் மாமாவிடம் குடும்பத்தோடு சென்றிருந்தோம். அங்குள்ள குரோமொன் சந்தையில் கடையருகே நின்றபடியே உண்ணும் சிற்றுண்டிகள் ஏராளம். அவற்றுள் பெயர்பெற்றது தக்கோயாக்கி. குழிகள் கொண்ட தட்டில் கோதுமை மாக் கரைசலை ஊற்றி, நடுவில் ஒக்டோபஸ் துண்டொன்றை இட்டு, கூரிய கம்பியால் புரட்டிப் புரட்டி உருண்டையாகச் சுடுகிறார்கள். 1930களில் ஒசாகாவிலேயே உருவான உணவு இது. மேலே தூவும் மீன் சீவல், சூட்டில் உயிருள்ளது போல நெளியும். அதைக் கண்டதும் என் தம்பி உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அந்தச் சீவலின் பெயர் கட்சுவோபுஷி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்வது. நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் அதே மீன்தான். செய்முறையும் ஏறக்குறைய அதுவே. ஒக்டோபஸோ நாம் விரும்பி உண்ணும் கணவாயின் உறவு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்கள் பொதுவாக ஆகுமானவை. ஆகவே அங்கே கேட்க வேண்டியது ஒக்டோபஸைப் பற்றியல்ல, மேலே பூசும் சோஸைப் பற்றித்தான்.

அடுத்த கடையில் மிதராஷி தங்கோ இருந்தது. ஈர்க்கில் கோத்த அரிசிமா உருண்டைகள், மேலே இனிப்பான சோயாப் பாகு. பார்த்தால் எவருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்தப் பாகில் மிரின் சேர்ப்பவர்கள் உண்டு. மிரின் என்பது அரிசியிலிருந்து பெறும் இனிப்பான சமையல் மது. அசல் மிரினில் சுமார் 14 வீதம் மதுசாரம் இருக்கிறது. பயமுறுத்திய உணவில் இல்லாத ஐயம், அழகாகத் தெரிந்த உணவில் இருந்தது.

பிடிக்காததும் தடுக்கப்பட்டதும் ஒன்றல்ல என்பதற்கு எமது மார்க்கத்திலேயே முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்கள் முன் சுட்ட உடும்பு வைக்கப்பட்டபோது கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராமா என்று கேட்கப்பட்டது. இல்லை, தமது சமூகத்தாரின் பூமியில் அது இல்லாததால் மனம் விரும்பவில்லை என்றார்கள். அவர்கள் பார்த்திருக்கவே காலித் பின் வலீத் (ரழி) அவர்கள் அதை உண்டார்கள். புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

மொழி தெரியாத ஊரில் எப்படிக் கேட்பது, கடைக்காரர் மனம் நோகாதா என்று சிலர் கேட்கலாம். உம்மாவுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. "மிரின் ஹைத்தே இமாஸ் கா?" என்று மாமா சொல்லித் தந்தார். மிரின் சேர்ந்திருக்கிறதா என்பது பொருள். தங்கோ விற்ற வயதான பெண் முகம் கோணவில்லை. போத்தலை எடுத்துவந்து காட்டினார். அதில் மிரின் இருந்தது. உடனே, பாகு இல்லாமல் வெறும் சோயா சோஸ் மட்டும் தடவிய உருண்டைகளைச் சுட்டுத் தந்தார். கேட்காமல் விலகிப் போயிருந்தால் எமக்கு அந்தச் சுவையும் இல்லை, அவருக்கு எம்மைப் பற்றி அறியும் வாய்ப்பும் இல்லை.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை புதிய உணவைக் கண்டு முகம் சுளித்தால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லப் பழக்குங்கள். "ஹராம்" என்று சொல்ல விடாதீர்கள். பிடிக்காத எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைப் பாவித்தால், உண்மையில் தடுக்கப்பட்ட ஒன்று இனிப்புப் பாகு பூசி எதிரே வரும்போது அதற்குப் பாரம் இருக்காது.