ரேம் விலை எகிறும் நேரத்தில் ரிச்சி தெருவுக்குப் போவது லாபமா?

போனை எடுத்து, இரண்டு தளங்களில் விலை பார்த்து, குறைவாக இருக்கும் இடத்தில் ஆர்டர் போடுவது. கம்ப்யூட்டர் வாங்குவதென்றால் இப்போது பலருக்கும் இதுதான் வழக்கம். அப்படியிருந்தும் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் சாயங்கால நேரத்தில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. கோவை, மதுரை, திருச்சியிலும் அசெம்பிள் செய்து கொடுக்கும் சின்னக் கடைகள் தாக்குப்பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. காரணம் விலை மட்டுமல்ல.

விலை ஏன் ஏறியது?

உலகச் சந்தைக்கான ரேம் சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியதற்கு இதுதான் முக்கியக் காரணம். அதே ஆண்டு டிசம்பரில், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தனது 'க்ரூஷியல்' பிராண்டையே கைவிடுவதாக மைக்ரான் அறிவித்தது.

இன்னொரு பக்கம், 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் என்று அறிவிக்கப்பட்டது. ஆக, புதுசு வாங்கச் சொல்லும் நெருக்கடியும் விலை ஏற்றமும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

கடைக்காரர் என்ன செய்கிறார்?

'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது' என்று திரையில் வந்தால், புது மெஷினுக்கு விலை தேடத் தொடங்குபவர்களே அதிகம். விவரமான கடைக்காரர் முதலில் ப்ராசசர் எது என்று பார்ப்பார். இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால், "பயாஸ்ல டிபிஎம் ஆஃப் ஆகியிருக்கும், ஆன் பண்ணிப் பார்ப்போம் சார்" என்பார். பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும். மெஷின் மெதுவாக ஓடுகிறது என்றால், பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடச் சொல்வார். கையில் இருக்கும் டிடிஆர்4 ரேமையே பயன்படுத்தும் மதர்போர்டு எது என்பதும் அவருக்குத் தெரியும். ரேம் விற்கும் விலைக்கு அது சின்ன மிச்சம் இல்லை.

பெரிய விற்பனையை விட்டுவிட்டு அவர் ஏன் இப்படிச் சொல்ல வேண்டும்? தர்மசிந்தனை ஒன்றும் இல்லை, வியாபாரக் கணக்குதான். இன்று எஸ்எஸ்டி வாங்கியவர் நாளைக்கு பிரின்டர், யுபிஎஸ், தங்கைக்கு லேப்டாப் என்று திரும்ப வருவார். ஆர்டர் பட்டனுக்கு இந்தக் கணக்கு கிடையாது.

கடையின் உண்மையான மதிப்பு தெரிவது, மெஷின் படுத்துவிட்ட அன்றுதான். அசெம்பிள் செய்த கணினியில் ப்ராசசர், மதர்போர்டு, ரேம், பவர் சப்ளை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரன்டி. எது பழுது என்று தெரிந்தால்தானே எந்த சர்வீஸ் சென்டருக்குப் போவதென்று தெரியும்? கடையில் வேறு ரேம், வேறு பவர் சப்ளை மாற்றிப் போட்டு அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். முகூர்த்த மாதத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கு இரண்டு நாள் மெஷின் ஓடாவிட்டால், ஆன்லைனில் மிச்சம் பிடித்த பணம் எந்த மூலைக்கு?

உஷார் வேண்டிய இடம்

எல்லாக் கடையும் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. "பில் போட்டா 18 பர்சென்ட் கூட வரும், பரவாயில்லையா?" என்ற கேள்வி இன்னும் கேட்கிறது. அந்த ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கப் போனால் வாரன்டிக்கோ நுகர்வோர் ஆணையத்துக்கோ காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. ஜிஎஸ்டி பதிவு வைத்துத் தொழில் செய்பவருக்கு உள்ளீட்டு வரி வரவும் போய்விடும். பெட்டி இல்லாத 'ட்ரே' ப்ராசசர், புதுசு என்று கைமாறும் பழைய கிராபிக்ஸ் கார்டு, திருட்டு விண்டோஸ் எல்லாமே புழக்கத்தில் உள்ளவை. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்கி, அங்கேயே நின்று போனில் அந்தந்த நிறுவனத் தளத்தில் வாரன்டி காட்டுகிறதா என்று சரிபார்ப்பது நல்லது. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பிராண்டட் லேப்டாப் விஷயத்தில் ஆன்லைனுக்கே சாதகம் அதிகம். பண்டிகைக் கால பேங்க் கார்டு தள்ளுபடியோடும் வட்டியில்லாத தவணையோடும் சின்னக் கடைகளால் போட்டி போட முடிவதில்லை. கார்டை நீட்டினால் சில கடைகளில் இரண்டு சதவீதம் கூடுதலாகவும் கேட்பார்கள். அசெம்பிள் செய்வதாக இருந்தால், பாகம் பாகமாக விலை எழுதிய கொட்டேஷனை இரண்டு மூன்று கடைகளில் வாங்கி, அதே மாடல் எண்களை ஆன்லைன் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரேம் விலை நாளுக்கு நாள் மாறுவதால், அந்தக் கொட்டேஷன் எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.