அழகுக்கலைப் பள்ளியும் அங்கீகாரமும்

(மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவி)

வேலப்பன்சாவடிப் பேருந்து நிறுத்தத்தில் நாள்தோறும் காலையில் கால் மணி நேரமாவது நிற்பவள் நான். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் விளம்பரப் பலகைகளைப் படிப்பதே அப்போது எனக்குப் பொழுதுபோக்கு. இவ்வூரில் மருத்துவக் கல்லூரி உண்டு. பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. அங்கே பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "அங்கீகாரம் இருக்கிறதா?" என்பதுதான். ஆனால், "மூன்றே மாதத்தில் அழகுக்கலை நிபுணர் ஆகலாம்" என்ற பலகையைக் கண்டு மாடிப்படி ஏறுகிறவர்கள் அக்கேள்வியைக் கேட்பதில்லை. என் பெரியம்மா மகளும் கேட்கவில்லை.

அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். கை நேர்த்தி உடையவள். எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் மணப்பெண்ணுக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நம்பிக்கையில் பெரியம்மா இரண்டு வளையல்களை அடகு வைத்து 40,000 ரூபாய் கட்டினார். மூன்று மாதம் கழித்து, தங்க நிற முத்திரையுடன் ஒரு சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம்.

அடுத்த மாதமே எதிர்வீட்டு அத்தைக்குத் தலைச்சாயம் பூசினாள் அக்கா. மறுநாள் விடியற்காலையில் அத்தையின் நெற்றியும் இமைகளும் வீங்கிவிட்டன. கண்ணைத் திறக்க முடியவில்லை. கருஞ்சாயங்கள் பலவற்றில் பாரா ஃபினைலீன் டையமின் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. சிலர் உடம்புக்கு அது ஒவ்வாது. ஆகவே காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிதளவு தடவி, 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்த பிறகே தலையில் பூச வேண்டும். "எங்களுக்கு இதை யாருமே சொல்லித் தரலையே!" என்று அக்கா அழுதாள். அத்தை நல்லவர், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அக்காதான் இன்றுவரை சாயக் கிண்ணத்தைத் தொடுவதில்லை.

பின்னர் நகரத்தில் ஓர் அழகு நிலையத்திற்கு வேலை கேட்டுப் போனாள். சான்றிதழை இருபுறமும் திருப்பிப் பார்த்த மேலாளர் கேட்டது ஒன்றே ஒன்று: "இதை எங்கேம்மா சரிபார்க்கிறது?" அக்காவிடம் பதில் இல்லை.

கற்பிப்பவரே தேர்வு வைத்து, தாமே தேர்ச்சியும் வழங்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அங்கீகாரத்தின் உட்பொருள் என்று நான் கருதுகிறேன். நம் பேராசிரியர்கள் எவ்வளவு புலமை மிக்கவர்களாயினும் நமக்குப் பட்டம் தருவது பல்கலைக்கழகம் அன்றோ? பாடத்திட்டம், பயிற்சி நேரம், கருவிகளின் தூய்மை, ஆசிரியரின் தகுதி இவற்றை வெளியார் ஒருவர் வந்து சோதித்திருக்க வேண்டும். தங்க முத்திரையை எந்த அச்சகமும் அடித்துக் கொடுக்கும்.

அக்காவின் சான்றிதழில் ஐ.எஸ்.ஓ. 9001 என்று பெரிதாக இருந்தது. அது ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்கான தரம். மாணவி எதைக் கற்றாள் என்பதைப் பற்றி அது பேசுவதே இல்லை. சிறுதொழில் பதிவு எண்ணும் இருந்தது. ஊறுகாய் வியாபாரம் தொடங்கினாலும் அந்தப் பதிவு கிடைக்கும்!

அப்படியானால் எதைப் பார்ப்பது? தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான தொழிற்பிரிவுகளில் 'காஸ்மெட்டாலஜி' உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் சேரலாம், ஓராண்டுப் படிப்பு. முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வும் தேசியத் தொழிற்சான்றிதழும் உண்டு. குறுகிய காலப் பயிற்சி என்றால், 2018-இல் அமைக்கப்பட்டு 2020 முதல் செயல்படும் தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் குழுமத்தின் ஏற்பைப் பெற்ற அமைப்பு சான்றளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு வேலையை எண்ணுவோர் 1946-இல் தோன்றிய 'சிடெஸ்கோ' என்னும் பன்னாட்டு அமைப்பின் பட்டயத்தை நாடுகிறார்கள். கட்டணம் அதிகம், நம் போன்றோருக்கு எட்டாத கொம்பு.

சான்றிதழே இல்லாமல் அருமையாகத் தொழில் செய்வோர் ஆயிரம் பேர் இல்லையா என்று தோழி ஒருத்தி கேட்டாள். உண்மைதான். தந்தையிடமும் தாயிடமும் தொழில் கற்றவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் ஆண்டுக் கணக்கில் அருகிருந்து கற்றார்கள். மூன்று மாதத்தில் அது வராது. அவர்களது அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் 'முன்கற்றல் ஏற்பு' என்ற வழியும் இப்போது இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற இடமெல்லாம் நன்றாகக் கற்பிக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். கேட்பதற்கு ஒரு நாதி உண்டு, அவ்வளவே.

கலிபோர்னியாவில் உரிமம் இன்றி இத்தொழிலைச் செய்ய முடியாது. உரிமத் தேர்வுக்கு முன் 1,000 மணி நேரப் பயிற்சி வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லாததால் விசாரிக்கும் பொறுப்பு முழுவதும் பணம் கட்டுகிறவர் தலையிலேயே விழுகிறது.

கோடை விடுமுறையில் இப்பயிற்சியில் சேர எண்ணியிருக்கும் தோழியர் நம் வகுப்பிலேயே நால்வர் உள்ளனர். நம் பகுதியில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களின் பட்டியலைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்ட முதல்வர் அவர்கள் அனுமதி தர வேண்டுகிறேன். விசாரித்து எழுதித் தரும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன்; அக்காவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.