சட்டப் பரீட்சையும் தலையெழுத்தும்

சென்ற 2025-ம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் இராஜபாளையத்தில் நமது தோழர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். தோழர் பஞ்சாலைத் தொழிலாளி. அவருடைய மகள் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வக்கீலாக வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. அதற்காக ‘கிளாட்’ என்று சொல்லப்படும் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள். மேசைமேல் அவளுடைய ஹால் டிக்கெட் இருந்தது. அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. பக்கத்தில் குங்குமம் அப்பிய பேனா ஒன்றும் இருந்தது.

“இது என்ன தோழரே?” என்று கேட்டோம். “நான் வேலைக்குப் போயிருந்தபோது கோவிலுக்குக் கொண்டுபோய் சாமி காலடியில் வைத்து வாங்கி வந்துவிட்டார்கள் அய்யா” என்று அவர் தலையைச் சொறிந்தார். உள்ளேயிருந்து அவருடைய தாயார், “படிக்கிறது பிள்ளை கையில் இருக்கிறது, கிடைக்கிறது தலையெழுத்தில் அல்லவா இருக்கிறது” என்றார். உடனே அந்தப் பெண், “தலையில் எழுதியாகிவிட்டதென்றால் அப்பா எதற்கு நாலாயிரம் ரூபாய் கட்டினார்கள், அப்பத்தா?” என்று கேட்டாள். கிழவிக்கு மாத்திரமல்ல, இந்த நாட்டுப் பண்டிதர்கள் யாருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று எழுத ஆசைப்படுகிறோம்.

முதலில் இந்தப் பரீட்சை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் தேசிய சட்ட சர்வகலாசாலைகள் என்பதாக இருபதுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. நமது வரிப்பணத்தில் 2012-ம் வருஷத்துச் சட்டத்தின்படி திருச்சியில் ஏற்பட்ட சர்வகலாசாலையும் அவற்றில் ஒன்று. முன்னே தனித்தனியாகப் பரீட்சை வைத்து வந்தவர்கள் 2008 முதல் பொதுப் பரீட்சையாக இதை நடத்தி வருகிறார்கள். 2025 டிசம்பர் 7-ந் தேதி நடந்த பரீட்சைக்கு இரண்டு மணி நேரம், 120 கேள்விகள். சரியான விடைக்கு ஒரு மார்க்கு, தப்பான விடைக்குக் கால் மார்க்கு பிடித்தம். விண்ணப்பக் கட்டணம் 4000 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் ஆகியவர்களுக்கு 500 ரூபாய் குறைத்து 3500 ரூபாய். பாஷை இங்கிலீஷ் மாத்திரமே.

அதாவது, ஆலைத் தொழிலாளி ஒருவர் தம் மகள் கேள்வித்தாளின் முகத்தைப் பார்ப்பதற்கே ஒரு வாரக் கூலிக்குமேல் முன்பணம் வைக்க வேண்டும். கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் போனது போனதுதான். இதற்குமேல் பரீட்சைக்குத் தயார் செய்கிற கடைகள் பட்டணங்களில் நிறைந்திருக்கின்றன. அங்கே பல ஆயிரம் முதல் லட்ச ரூபாய்க்கு மேலும் வாங்குகிறார்கள். இவ்வளவும் கொடுத்து இரண்டு வருஷம் பழகி வந்த பிள்ளையையும், பள்ளிக்கூடம் விட்டு வந்து சத்திரப்பட்டியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டே படித்த பிள்ளையையும் ஒரே பெஞ்சியில் உட்காரவைத்து, “இருவருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஆகவே நீதி” என்கிறார்கள். ஒருவன் காலில் சக்கரமும் மற்றவன் காலில் விலங்கும் மாட்டிவிட்டு, ஓடுகிற பாதை இருவருக்கும் ஒன்றுதான் என்று சொல்லுகிற நீதி இது!

நிற்க. இந்தப் பயிற்சிக் கடைகளை நாம் கண்டித்தாலும் அவற்றினால் ஒரு பெரிய உண்மை ருஜுவாகியிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பழக்கினால் பிள்ளைகளுக்கு மார்க்கு ஏறுகிறது என்பதே அது. ஏறாவிட்டால் வருஷா வருஷம் ஜனங்கள் ஏன் பணம் கொட்டுகிறார்கள்? பழக்கத்தினால் ஏறுகிற ஒன்றைப் பிரம்மா தலையில் எழுதியிருக்க முடியுமா? ஜாதியோடும் ரத்தத்தோடும் பிறவியிலேயே வந்ததாக அது இருக்க முடியுமா? ‘தலையெழுத்து’ என்று கோவில் வாசலில் சொல்லுகிறவரும், ‘பிறவித் திறமை’ என்று சர்வகலாசாலை வாசலில் சொல்லுகிறவரும் சொல்லுவது ஒரே புரட்டுத்தான். முன்னவர் சம்ஸ்கிருதத்தில் சொல்லுகிறார், பின்னவர் இங்கிலீஷில் சொல்லுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம். இருவருக்கும் பயிற்சிக் கடையின் கட்டண ரசீதே பதில்.

இன்னும் ருஜு வேண்டுமானால், பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் ஆரம்பித்த ‘ஐடியா’ என்னும் ஸ்தாபனத்தைப் பார்க்கலாம். ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, காசு வாங்காமல் பயிற்சி கொடுத்து, இதே பரீட்சையை எழுத வைத்து, இதே சட்ட சர்வகலாசாலைகளில் அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அந்தப் பிள்ளைகளின் தலை அதே தலைதான். எழுத்து மாறியதா? வசதி மாறியது!

‘தகுதி’, ‘திறமை’ என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. 1913-ல் சென்னை மாகாணத்தில் நிரந்தர ஜில்லா முனிசீப்புகள் 128 பேர். அவர்களில் பார்ப்பனர் 93 பேர், பார்ப்பனரல்லாத இந்துக்கள் 25 பேர். ஜனத்தொகையில் நூற்றுக்கு மூன்று பேராயிருந்த கூட்டம் நியாய ஸ்தலத்து நாற்காலிகளில் நூற்றுக்கு எழுபதுக்குமேல் உட்கார்ந்திருந்தது. அதற்கும் தகுதி என்றே பெயர் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாகப் படிப்பை ஒரு பக்கம் அடைத்து வைத்துவிட்டு, அடைபட்டவனுக்குப் படிப்பு வராது என்று சொன்னது போன்ற பித்தலாட்டம் உலகத்தில் வேறு இல்லை. தனிப்பட்ட எந்த மனிதரிடத்திலும் நமக்குத் துவேஷம் இல்லை. கதவை அடைத்த முறையிடத்தில்தான் நமக்குத் துவேஷம்.

அதே காலத்தில் மற்றொரு வேடிக்கையும் நடந்தது. வெள்ளைக்காரன் ஐ.சி.எஸ். பரீட்சையை இலண்டனில் மாத்திரம் வைத்திருந்தான். கப்பலுக்குச் செலவு செய்ய முடியாத இந்தியன் எப்படிப் பரீட்சை எழுதுவான் என்று தாதாபாய் நவ்ரோஜி முதலியவர்கள் கேட்டார்கள். 1885-ல் கூடிய முதல் காங்கிரசே இந்தியாவிலும் பரீட்சை வைக்க வேண்டுமென்று தீர்மானம் போட்டது. 1922-ல்தான் இங்கேயும் வைத்தார்கள். நியாயமான கிளர்ச்சியே. ஆனால் வெள்ளைக்காரன் பாஷையில், வெள்ளைக்காரன் ஊரில், வெள்ளைக்காரன் செலவுக் கணக்கில் பரீட்சை வைத்தது அநீதி என்று அன்று சொன்னவர்களின் வாரிசுகள், இன்று அதே கேள்வியை ஆலைத் தொழிலாளியின் மகள் கேட்டால், “தரம் குறைந்துவிடும்” என்று ஏன் அலறுகிறார்கள்? இலண்டன் தூரமென்றால் இங்கிலீஷும் நாலாயிரம் ரூபாயும் சத்திரப்பட்டிக்குக் கிட்டமா?

2023-ல் இந்தப் பரீட்சையை மற்ற இந்திய பாஷைகளிலும் நடத்த வேண்டுமென்று டில்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். இந்திய பார் கவுன்சிலே அந்தக் கோரிக்கையை ஆதரித்தது. ஆனாலும் 2025 டிசம்பர் பரீட்சை வரை இங்கிலீஷ்தான். நீட் பரீட்சையை நாம் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நீட்டைக்கூடத் தமிழ் உள்பட 13 பாஷைகளில் எழுதலாம். உடம்பை அறுக்கப் படிக்கப் போகிறவனுக்குத் தமிழில் கேள்வி கொடுக்க முடியுமானால், தமிழில் வாதாடக்கூடிய கீழ்க்கோர்ட்டுகள் இருக்கிற நாட்டில் சட்டம் படிக்கப் போகிறவனுக்கு ஏன் முடியாது? இங்கிலீஷை நாம் பகைப்பதில்லை. நமது பிள்ளைகள் அதை நன்றாகப் படிக்க வேண்டுமென்றே நாம் சொல்லி வருகிறோம். உள்ளே போய்ப் படிக்க வேண்டியதை வாசலிலேயே வேலியாக வைக்காதே என்பதுதான் நமது வாதம்.

“இவ்வளவு பாடுபட்டு வக்கீல்தானா ஆக வேண்டும்? வேறு படிப்பு இல்லையா?” என்று சில தோழர்கள் கேட்கலாம். அவர்கள் இராஜபாளையத்தின் சரித்திரத்தையே பார்க்கட்டும். இந்த ஊர்க்காரரான பி. எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தார். அவர் காலத்திலேதான் வகுப்புவாரி உத்தரவை எதிர்த்து வழக்கு வந்தது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாத ஒருவர் பேரால் வந்த வழக்கு அது! மாகாண சர்க்கார் ஹைகோர்ட்டில் தோற்றது. சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் செய்து 1951 ஏப்ரல் 9-ந் தேதி அங்கேயும் தோற்றது. தமிழ்நாடு கொதித்தெழுந்த பிறகே அவ்வருஷமே அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். மந்திரி நாற்காலி நம்மூராரிடம் இருந்தும், உத்தரவைச் செல்லாதென்று அடிக்கிற பேனா வேறு கையில் இருந்தது. சட்டம் தெரிந்த நம் பிள்ளைகள் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இன்னொன்று: இதே ஜில்லாவில் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் 1928-ல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதன் இல்லை, நெருப்பு இல்லை என்று கோர்ட்டு அப்படிப்பட்ட திருமணங்களைச் செல்லாதென்று 1950-களில் சொல்லிற்று. 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் செய்த பிறகே அவை செல்லுபடியாயின. சுமார் நாற்பது வருஷம் நமது பெண்கள் சட்டத்தின் கண்ணுக்கு மனைவிகளாகவும் நமது பிள்ளைகள் வாரிசுகளாகவும் இருக்கிறார்களா என்பதே சந்தேகமாகக் கிடந்தது. பெண்களை எடுத்துக்கொண்டாலோ, 1923-ல் சட்டம் வரும் வரையில் பெண் என்ற ஒரே காரணத்தால் வக்கீல் தொழிலே செய்யக்கூடாதென்று கோர்ட்டுகள் தடுத்தன.

இந்த ஜில்லாவுக்குத் தலைநகரம் விருதுநகர். ஆனால் ஜில்லா கோர்ட்டு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கோபுரமும் தேரும் பால்கோவாவும்தான் நம்மவர்க்கு ஞாபகம் வருகின்றன. பட்டாசு வெடித்து மாண்டவனின் மனைவிக்கும், நிலத் தகராறில் சிக்கிய சம்சாரிக்கும், ஜாதிச் சண்டையில் அடிபட்ட சேரிக்காரனுக்கும் அந்தக் கோபுரத்தினால் என்ன ஆயிற்று? அவன் போய் நிற்பது கோர்ட்டு வாசலில். அங்கே அவன் சொல்லுகிறதைக் காதுகொடுத்துக் கேட்டு, அவன் பட்ட பாட்டைத் தன் வீட்டிலேயே பட்ட ஒருவர் கறுப்புக் கவுன் போட்டு நிற்க வேண்டாமா?

ஆகையால் தோழர்களே, அழுதுகொண்டிருப்பதிலும் பயனில்லை, தேங்காய் உடைப்பதிலும் பயனில்லை. இந்தப் பரீட்சையில் மந்திரம் ஒன்றுமில்லை. கணக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் சுமார் 450 வார்த்தையுள்ள ஒரு பத்தியைப் படித்துப் பொருள் கண்டுபிடிப்பதும், நாட்டு நடப்பும், யுக்தியுமே. சட்டப் பகுதிக்குக்கூட முன்னே சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. விதியைப் பத்தியிலேயே கொடுக்கிறார்கள். அதை ஒரு சம்பவத்துக்குப் பொருத்திச் சொல்ல வேண்டும். ‘யார் சொன்னால் என்ன, காரணம் என்ன?’ என்று கேட்கப் பழகிய பகுத்தறிவுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இது தூரத்துச் சமாச்சாரமா?

ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தினம் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையின் தலையங்கத்தைப் படிக்க வைக்க வேண்டும். அதன் சாரத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் நான்கு வரி எழுத வைக்க வேண்டும். பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுத வைக்க வேண்டும். தெரியாத கேள்வியைக் குருட்டடியாக அடித்துக் கால் மார்க்கு இழக்காமல் விடவும் பழக்க வேண்டும். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள நமது மன்றங்கள் மாலையில் இரண்டு மணி நேரம் இதற்கு இடம் கொடுக்கட்டும். நமது வக்கீல் தோழர்கள் வாரத்தில் ஒரு நாள் வந்து சொல்லிக் கொடுக்கட்டும். திருவிழா வசூலுக்குக் கொடுக்கிற காசில் பாதி இருந்தால் பத்துப் பிள்ளைகளின் விண்ணப்பப் பணம் கட்டலாம்.

கிளாட்டில் இடம் கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடவில்லை என்பதையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரையிலும் திருநெல்வேலியிலும் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருஷப் படிப்புக்கு நுழைவுப் பரீட்சை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைக் கொண்டே இடம் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்கு 2021-ம் வருஷத்துச் சட்டப்படி சட்டப் படிப்பிலும் நூற்றுக்கு ஏழரை இடம் தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இது தெரியாமல் எத்தனை பிள்ளைகள் ஆலை வாசலுக்கும் தீப்பெட்டிக் கம்பெனிக்கும் போகிறார்கள்!

இவற்றோடு, பரீட்சைக் கட்டணத்தைக் குறை, தமிழிலும் கேள்வித்தாள் கொடு என்ற கோரிக்கையை ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானமாகப் போட்டு, சட்டசபை மெம்பர்களையும் பார்லிமெண்டு மெம்பர்களையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நாம் புறப்படும்போது அந்தப் பெண் பேனாவிலிருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டு, மை இருக்கிறதா என்று ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்தாள். பேனாவுக்கு வேண்டியது மைதான், அதை ஓட்டுகிற கைக்கு வேண்டியது பழக்கந்தான். அவ்வளவும் கொடுத்துவிட்டு, பிறகு யார் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம்!