ஜெயித்தவர் பின்னால், தோற்றவர் முன்னால்!

பன்னிரண்டு மேட்ச். பத்தில் வெற்றி, இரண்டில் தோல்வி. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மயாமி, நோட்டர் டேம் என்ற இரண்டு பல்கலைக்கழக அணிகளுக்கும் 2025 சீசன் இப்படித்தான் முடிந்தது. பிளே-ஆஃபில் மிச்சமிருந்ததோ ஒரே ஒரு இடம். யாருக்குக் கொடுப்பது?

"ரெண்டு டீமும் மோதினாங்களா?" என்றுதான் யாரும் முதலில் கேட்பார்கள். மோதினார்கள். ஆகஸ்ட் 31 அன்று, சீசனின் தொடக்கத்திலேயே. மயாமி 27-24 என ஜெயித்தது. அப்புறம் என்ன பஞ்சாயத்து என்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

இது நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். 2025 சீசனில் மேல்மட்டப் பிரிவில் மட்டும் 136 கல்லூரி அணிகள் இருந்தன. ஓர் அணிக்குக் கிடைப்பதோ 12 ஆட்டம்தான். எல்லோரும் எல்லோரோடும் மோத வழியே இல்லை. ஐபிஎல்லில் புள்ளிகள் சமமானால் நெட் ரன் ரேட் பார்ப்பார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, கணக்கு முன்கூட்டியே தெரியும். இங்கே அப்படியொரு கணக்கு கிடையாது. ஒரு தேர்வுக் குழு அறைக்குள் உட்கார்ந்து விவாதித்து, ஓட்டுப் போட்டு, நவம்பரிலிருந்து வாராவாரம் தரவரிசை வெளியிடுகிறது. மொத்தம் 12 அணிகளுக்கு வாய்ப்பு. அதில் ஐந்து, வட்டார லீக் சாம்பியன்களுக்கு ஒதுக்கப்பட்டவை. அந்த ஒதுக்கீட்டில் 20-வது, 24-வது இடங்களில் இருந்த அணிகளும் உள்ளே வந்துவிட்டதால், பத்தாவது இடம் வரைதான் கதவு திறந்திருந்தது.

நவம்பர் 4-ம் தேதி முதல் பட்டியல் வந்தது. அப்போது இரண்டு அணிகளுமே 6 வெற்றி, 2 தோல்வி. நோட்டர் டேமுக்கு 10-வது இடம். அதை ஜெயித்த மயாமிக்கு 18!

நோட்டர் டேம் பக்கமும் நியாயம் உண்டு. அது தோற்ற இரண்டு மேட்ச்களும் சீசனின் முதல் இரண்டு. மயாமியிடம் மூன்று புள்ளியில், டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியிடம் ஒரே ஒரு புள்ளியில். அதன்பிறகு ஆடிய பத்தையும், ஒவ்வொன்றிலும் பத்துப் புள்ளிகளோ அதற்கு மேலோ முன்னிலை பெற்று ஜெயித்தது. மயாமியோ, தரவரிசையில் இல்லாத லூயிவில், எஸ்.எம்.யூ அணிகளிடம் சறுக்கியது.

டிசம்பர் முதல் வாரத்தில் நோட்டர் டேம் 10, பிரிகாம் யங் 11, மயாமி 12. அந்த வார இறுதியில் நோட்டர் டேமும் ஆடவில்லை, மயாமியும் ஆடவில்லை. பிரிகாம் யங் மட்டும் தன் லீக் ஃபைனலில் 34-7 என உதை வாங்கியது. டிசம்பர் 7-ல் இறுதிப் பட்டியல்: மயாமி 10, நோட்டர் டேம் 11.

குழுத் தலைவர் ஹண்டர் யூராசெக் சொன்ன விளக்கம் இதுதான்: நடுவில் இருந்த அணி இறங்கியதும் இரண்டும் அடுத்தடுத்து வந்துவிட்டன, அதனால்தான் நேருக்கு நேர் மோதிய முடிவைப் பார்த்தோம்.

அந்த முடிவு ஆகஸ்டிலிருந்தே அங்கேதானே இருந்தது? மயாமிக்கு இடம் கொடுத்தது சரி. ஆனால் மூன்றாவது அணி ஒன்று தோற்றால்தான் கண்ணில் படும் என்றால், அதை விதி என்று எப்படிச் சொல்வது? அதே வார இறுதியில் தன் லீக் ஃபைனலில் 28-7 என்று தோற்ற அலபாமா, 9-வது இடத்திலிருந்து அசையவே இல்லை என்பது தனிக் கூத்து.

இதில் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1993-ல் நோட்டர் டேம் 31-24 என ஃப்ளோரிடா ஸ்டேட்டை வீழ்த்தியது. அடுத்த வாரமே பாஸ்டன் காலேஜிடம் 41-39 எனக் கடைசி நொடி உதையில் தோற்றது. சீசன் முடிவில் இரண்டு அணிகளுக்கும் தலா ஒரு தோல்வி. பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டு சாம்பியனாக்கியது ஃப்ளோரிடா ஸ்டேட்டை. அன்று நேருக்கு நேர் ஜெயித்தும் பயனில்லை. இன்று நேருக்கு நேர் தோற்றதே வினையாகிவிட்டது.

கோபத்தில் நோட்டர் டேம், வேறு எந்தக் கோப்பை ஆட்டத்துக்கும் வரமாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. கடைசி ஆளாக உள்ளே போன மயாமி ஃபைனல் வரை சென்று, இண்டியானாவிடம் 27-21 எனத் தோற்றது. "பார்த்தீர்களா, குழு சரியாகத்தான் தேர்ந்தெடுத்தது" என்கிறார்கள் சிலர். வெளியே நிறுத்தப்பட்ட அணி எதுவரை போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

2026 முதல் புது ஏற்பாடு. முதல் 12 இடங்களுக்குள் வந்தாலே நோட்டர் டேமுக்கு பிளே-ஆஃப் இடம் உறுதி. எந்த லீக்கிலும் சேராமல் தனித்து ஆடும் அணி என்பதால் இந்தச் சலுகை. இது கடந்த சீசனிலேயே இருந்திருந்தால், பதினொன்றாவதாக நின்ற நோட்டர் டேம் உள்ளே போயிருக்கும். பத்தாவது இடத்தில் நின்ற மயாமி வெளியே!