கர்நாடக வாக்காளரும் சாதிக் கணக்கும்

லிங்காயத்துகள் பாரதிய ஜனதாவுக்கும், ஒக்கலிகர்கள் மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கும், சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், தலித்துகள் ஆகியோரைச் சேர்த்துக் குறிக்கும் 'அஹிந்த' பிரிவினர் காங்கிரசுக்கும் வாக்களிப்பர் என்னும் கணக்கு, கர்நாடகத்தில் தேர்தல் வரும்போதெல்லாம் பெங்களூருவின் கட்சி அலுவலகங்களிலும் செய்தித்தாள்களிலும் ஐயத்துக்கு இடமற்ற உண்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு சமூகத்தின் வாக்குகள் ஒரே கட்சிக்கு மொத்தமாக விழும் என்று கருதும் இந்த 'வாக்கு வங்கி' நம்பிக்கையை அம்மாநிலத்தின் தேர்தல் முடிவுகளே பொய்யாக்குகின்றன.

ஒக்கலிகர்கள் மிகுந்த மண்டியா மாவட்டத்தில் 2018இல் 7 சட்டமன்றத் தொகுதிகளையும் வென்ற ஜனதா தளம், மறு ஆண்டே மக்களவைத் தேர்தலில் காங்கிரசின் துணையோடு தன் தலைவர் தேவகௌடாவின் பேரன் நிகிலை நிறுத்தியும், பாரதிய ஜனதாவின் ஆதரவு பெற்ற சுயேச்சை வேட்பாளர் சுமலதாவிடம் தோற்றது. 2023இல் அம்மாவட்டத்தின் 5 தொகுதிகள் காங்கிரசுக்குச் சென்றன. 2024இல் அதே மண்டியா, பாரதிய ஜனதாவோடு கூட்டணி கண்ட ஜனதா தளத்தின் குமாரசாமியை மக்களவைக்கு அனுப்பியது. இந்த ஆறு ஆண்டுகளில் மாவட்டத்தின் சாதி விகிதம் மாறிவிடவில்லை என்பதால், மாறாத ஒன்றைக் காரணமாகக் காட்டி மாறிக்கொண்டே இருக்கும் முடிவுகளை விளக்க இயலாது. தமிழ்த் தலித் குடும்பங்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயலும் 1999இல் அ.தி.மு.க.வையும், 2004இல் இந்தியக் குடியரசுக் கட்சியையும், 2008இலும் 2013இலும் பாரதிய ஜனதாவையும், அடுத்த இரு தேர்தல்களில் காங்கிரசையும் தேர்ந்தெடுத்தது.

2023இல் வாய்ப்பு மறுக்கப்பட்டு, பாரதிய ஜனதாவிலிருந்து காங்கிரசுக்கு வந்த லிங்காயத்துத் தலைவர்களுள் லட்சுமண் சவதி அதணி தொகுதியில் வென்றார். முன்னாள் முதலமைச்சர் ஜகதீஷ் ஷெட்டரோ ஹூப்ளி-தார்வாடு மத்தியத் தொகுதியில் தோற்றார். சாதியும் கட்சித் தாவலும் ஒன்றாகவே இருந்தும் முடிவு எதிரெதிராக அமைந்தது.

சாதிக்குத் தேர்தலில் இடமே இல்லை என்பது இதன் பொருளன்று. நில உடைமையும் மடங்களின் செல்வாக்கும் இட ஒதுக்கீடும் சாதியோடு பிணைந்திருப்பதால், ஒரு சமூகத்துக்குள் ஒரு கட்சியின்பால் சாய்வு ஏற்படுவது இயல்பு. ஆயினும், சாய்வு வேறு, ஒட்டுமொத்த வாக்கு வேறு. தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடி வாரியான எண்ணிக்கையைத்தான் வெளியிடுகிறது, வாக்களித்தவரின் சாதியை அன்று. எனவே ஒரு பகுதியில் வாழ்வோர் யார் என்பதைக் கொண்டு அங்குள்ள தனிமனிதர் எவருக்கு வாக்களித்தார் என்று துணிவது தருக்கப் பிழையாகும்.

இந்தப் பிழையின் விலையை எளியோரே கொடுக்கின்றனர். 2023 மார்ச்சில் முதலமைச்சர் பொம்மையின் பாரதிய ஜனதா அரசு, இஸ்லாமியரின் 4 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டை நீக்கி, ஒக்கலிகருக்கும் லிங்காயத்துகளுக்கும் தலா 2 விழுக்காடாகப் பிரித்தளிக்க முடிவெடுத்தது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி 104 இடங்களிலிருந்து 66 இடங்களுக்குச் சரிந்தது. ஒரு சமூகத்தின் உரிமையைப் பறிக்கத் துணிந்தும், எதிர்பார்த்த வெற்றியைச் சாதிக் கணக்கு ஈட்டித் தரவில்லை. வாக்காளரைப் பிறப்பால் எண்ணிவிடும் அரசியல், குடிநீருக்கும் விளைபொருள் விலைக்கும் வேலைக்கும் அவரிடம் பதில் சொல்லும் கடமையைத் தட்டிக்கழிக்கிறது. அந்தத் தப்பித்தலுக்கு ஊடகங்களும் ஆய்வாளர்களும் இனியும் துணைபோகக் கூடாது.