வாடகைக் காசு சரி, வாடகை வீடு எங்கே?



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. வீடு இழந்தவர்களுக்கு மாத வாடகைக் கொடுப்பனவு அறிவிக்கப்பட்டது. நல்ல விடயம்தான். கொழும்புப் பக்கத்துக் குடும்பம் அந்தக் காசை வாங்கி அடுத்த தெருவில் ஒரு வீடு பார்த்துக்கொள்ளும். நமக்கு அடுத்த தெரு ஏது?

தோட்டத்துக்குள் வாடகை வீடு என்று ஒன்று கிடையாது. லயம் நிர்வாகத்தின் கையில். அதை வாடகைக்கு விட நம்மில் எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே ரவுணுக்குத்தான் போகவேண்டும். அங்கே வீட்டுக்காரர் முதலில் கேட்பது முற்பணம், அதுவும் பல மாத வாடகையை ஒன்றாக. நமது நாட்சம்பளம் 1,550 ரூபாய், வருகைக்கு 200. மாதம் 20 நாள் வேலை கிடைத்தால் 35,000. அதில் சேமலாப நிதி, கடன், சங்கச் சந்தா (அதை மறைப்பானேன்) எல்லாம் கழிய, முற்பணம் எங்கிருந்து வரும்?

எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்தியின் குடும்பம் கடன் வாங்கி ரவுணில் ஓர் அறை எடுத்தது. தாய் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் பெரட்டுக்கு நேரத்துக்கு வர முடியவில்லை. பிந்தினால் அரைப்பேர். சின்னப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட அதற்கும் முன்னால் வரவேண்டும். இரண்டு மாதம்தான் தாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். வெடித்த சுவரில் சீமெந்துப் பை கடதாசியை அடைத்துவிட்டு, பழைய காம்பராவிலேயே இருந்தார்கள். "மழை பெய்தா மட்டும் கோயில்ல படுத்துக்கிறோம் சேர்" என்றார் அந்த அம்மா. காம்பராவை விட்டுப் போனால் அது திரும்பக் கிடைக்காது என்ற பயமும் அவருக்கு இருந்தது. அந்தப் பயத்தை வீண் பயம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

காகித வேலை இன்னொரு மலை. ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட ரவுண் வீட்டுக்காரர் தயங்குகிறார். கிராம உத்தியோகத்தரிடம் போனால் முகவரி கேட்கிறார். நமக்கு லயத்து இலக்கம்தான் இருக்கிறது, கடிதமே தோட்ட ஆபிஸ் வழியாகத்தான் வருகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் தகப்பன், கலியாணம் முடித்த இரண்டு மகன்கள் என்று மூன்று அடுப்பு எரியும். பட்டியலில் அது ஒரே வீடு.

உண்மையில் நம்மவர்களுக்கு இடம் கொடுத்தது யார்? மேல் லயத்து மாமா, அடுத்த டிவிஷனில் கட்டிக்கொடுத்த அக்கா. ஏற்கெனவே ஆறு பேர் இருக்கும் வீட்டில் இன்னும் ஐந்து பேர். அந்த மாமாவிடம் வாடகைப் பற்றுச்சீட்டு கேட்டால் எங்கே போவார்? அரிசியும் விறகும் அவர் கையிலிருந்துதான் போகிறது.

சங்கமும் இதில் பிழை விட்டிருக்கிறது. தொகையைக் கூட்டச் சொல்லிப் பேசினோமே தவிர, அந்தக் காசு லயத்துக்கு எப்படி வந்து சேரும் என்று கேட்கவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்ணுக்குள் போன பிறகு, தப்பியவர்கள் புது வீட்டுக்காகப் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் எவ்வளவு காலம் காத்துக் கிடந்தார்கள் என்பதைப் பார்த்த நாங்களே கேட்கவில்லை.

இப்போது கேட்கிறோம். காம்பராவை எண்ண வேண்டாம், அடுப்பை எண்ணுங்கள். இடம் கொடுத்த உறவினரின் கடிதத்தைத் தோட்டக் கமிட்டி உறுதிப்படுத்தினால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். முற்பணத்தை நேரடியாக வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். வெளியே போன குடும்பத்தின் காம்பரா உரிமை போகாது என்று நிர்வாகம் எழுத்தில் தரட்டும். இது எல்லாம் பாதுகாப்பான இடத்தில், உறுதியோடு காணி கிடைக்கும்வரைதான். வாடகை கொடுத்துவிட்டோம் என்று காணிப் பேச்சைத் தள்ளிப்போட விடமாட்டோம்.

உறவினர் வீட்டில் இருப்பவர்கள், வெடித்த லயத்துக்குத் திரும்பியவர்கள், பெயரையும் எத்தனை அடுப்பு என்பதையும் எழுதி உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.